நானோ தைலத்தால் மார்பகப் புற்றுநோய் போகுமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மறையூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. உருண்டை வெல்லம், ஏலக்காய், காந்தலூர்ப் பூண்டு, எலுமிச்சைப் புல்லிலிருந்து காய்ச்சுகிற புல்தைலம், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் இருக்கும். மூணாறு பார்த்துவிட்டுச் சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்குகிறவர்கள் வண்டியை நிறுத்தி வாங்கிப் போவார்கள். கொஞ்ச நாளாக ஒரு புதுக் கேள்வி வருகிறது. "அண்ணே, இந்தப் புல்தைலத்தை நானோ ஆக்கினா மார்புல வர்ற கேன்சர் செல்லு செத்துப் போகுதாமே, அந்த நானோ உங்ககிட்ட இருக்கா?" என்று போனை நீட்டுவார்கள். இல்லை என்றால், வைத்துக்கொண்டே இல்லை என்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

எனக்கு இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, மூன்றாவது கீமோ முடிந்து முடி கொட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓர் ஆள் வீட்டுக்கே வந்தார். 10 மில்லி குப்பி, 4,000 ரூபாய். அத்தான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கியும் விட்டார். தைலம் விற்கிறவன் வீட்டிலேயே வந்து தைலம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார், அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது. அந்தக் கோபத்தில் தேடிப் படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு குப்பி வந்தால் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

நடக்கிற வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்

"ரெண்டு மாசம் கீமோவை நிறுத்திட்டு இதைக் குடிச்சுப் பாருங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்து அனுப்பிவிடுங்கள். 2004 முதல் 2013 வரையிலான அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. நோய் வேறு இடத்துக்குப் பரவாத நிலையில் கண்டுபிடித்தும், அறுவை, கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை எதுவும் வேண்டாம், மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று போனவர்களை அதில் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அப்படிப் போனவர்களுக்கு இறக்கும் ஆபத்து, வழக்கமான வைத்தியம் எடுத்தவர்களைப்போல் 5.68 மடங்கு. இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

செய்தி பொய் இல்லை, அங்கேதான் சிக்கல்

செடியிலிருந்து கேன்சர் மருந்து வருமா என்றால், வரும், வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்கிற கேன்சர் மருந்தை 1958இல் கனடாவில் பிரித்தெடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இன்று பரவலாகக் கொடுக்கிற பாக்லிடாக்செல், பசிபிக் யூ என்கிற மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டையைச் சேகரித்தது 1962இல். மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அதன் கட்டமைப்பை வெளியிட்டது 1971இல். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1994இல். பட்டை மார்பகப் புற்றுநோய் மருந்தாக 32 வருஷம்.

நானோ என்றால் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக்குவது. அதுவும் கட்டுக்கதை இல்லை. கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்சோரூபிசின் என்கிற கீமோ மருந்து 1995இலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அதே பாக்லிடாக்செலை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்த 2005இல் அனுமதி கிடைத்தது. ஒரு தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அந்தத் துகள் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் தைலத்தை ஏன் நானோ ஆக்குகிறார்கள்? எங்கள் பக்கம் புல்தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புல்லை அண்டாவில் அடைத்து, ஆவி ஏற்றி, குழாய் வழியாகக் குளிரவைத்தால் தைலம் தண்ணீரின் மேலே தனியாக மிதக்கும். தண்ணீரோடு சேராது, மூடியைத் திறந்து வைத்தால் பறந்துவிடும், வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும். ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைத் தண்ணீரோடு சேரவைக்கிற டுவீன் 80 போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, கேளா ஒலி அதிர்வால் அடித்து, தைலத்தை நுண்துளிகளாக்குகிறார்கள். இல்லையென்றால் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானுக்குள் அடைக்கிறார்கள். தைலம் சீக்கிரம் பறக்காது, தண்ணீரில் கலந்து நிற்கும், செல்லுக்குள் எளிதாக நுழையும். நல்ல யோசனைதான். புல்தைலத்தின் சிட்ரால், கிராம்பின் யூஜெனால், ஓமத்தின் தைமால், கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன் என்று பலதை இப்படி அடைத்துக் கேன்சர் செல்மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். செல்கள் செத்தும் இருக்கின்றன.

அந்த ஆள் அக்காவிடம் காட்டியது இப்படியொரு உண்மையான ஆய்வுக் கட்டுரையைத்தான். ஆனால் கட்டுரையில் இருந்தது ஒன்று, குப்பியில் இருந்தது வேறு.

கட்டுரையில் எங்கே விரல் வைப்பது

கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், கல்லூரி படிக்கிற பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சில இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலில், எதன்மேல் சோதித்தார்கள்? எம்சிஎஃப்-7 என்றோ எம்டிஏ-எம்பி-231 என்றோ இருந்தால் அது செல் வரிசை, அதாவது தட்டில் வளர்க்கிற செல். எம்சிஎஃப் என்பது மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன். 1970இல் அங்கே ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்த செல்கள், அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் உலகம் முழுக்கத் தட்டுகளில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தட்டில் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, குடல் இல்லை. ஃபினாயிலை ஊற்றினாலும் அந்தச் செல் சாகும், வெந்நீரை ஊற்றினாலும் சாகும். செத்தது என்பது மட்டும் செய்தியே இல்லை.

அதனால் அடுத்தது, நல்ல செல்லையும் வைத்துப் பார்த்தார்களா? எம்சிஎஃப்-10ஏ என்று புற்றுநோய் இல்லாத மார்பகச் செல் ஒன்று உண்டு. கேன்சர் செல் சாகிற அளவிலேயே இதுவும் செத்தால், அதன் பெயர் மருந்து இல்லை, விஷம்.

அப்புறம் பலர் கவனிக்காத ஓர் இடம், எனக்கே ஒரு மருந்தியல் ஆசிரியை சொல்லித்தான் தெரியும்: தைலம் இல்லாத வெறும் துகளைத் தனியாகச் சோதித்தார்களா? டுவீன் மாதிரியான பொருள்கள் சோப்பின் சொந்தக்காரர்கள். செல்லின் மேல்தோலே கொழுப்புதான், அதைச் சோப்பு கரைத்துவிட்டால் பழியோ புகழோ தைலத்துக்குப் போய்விடும். வெறும் துகள், வெறும் தைலம், தைலத் துகள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாத கட்டுரையை நான் இப்போது மேலே படிப்பதே இல்லை. இன்னொன்றும் சொன்னார். இந்தச் சோதனையை 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செய்வார்கள், உயிரோடிருக்கிற செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும், அதை வைத்து எத்தனை பிழைத்தது என்று கணக்கிடுவார்கள். தைலம் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போய் அங்கே இருக்கிற செல்லையும் கொன்றுவிடும் என்றார். கடையில் ஒரு குப்பி மூடி சரியாக இல்லாவிட்டால் வெல்லம் முழுக்கப் புல்தைல வாசம் ஏறுவதைப் பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

இதே எம்சிஎஃப்-7 செல்லில் லாவெண்டர், டீ ட்ரீ தைலங்கள் ஈஸ்ட்ரோஜன் போல லேசாக வேலை செய்கின்றன என்று 2007இல் ஓர் அறிக்கை வந்தது, இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், அதே தட்டு, அதே செல். ஒரு தைலம் கொன்றது என்பதை நம்புகிறவர்கள், இன்னொரு தைலம் ஊட்டி வளர்க்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கட்டுரையில் ஐசி50 என்று ஓர் எண் இருக்கும். பாதிச் செல்கள் சாக எவ்வளவு வேண்டும் என்கிற அளவு. ஒரு பேச்சுக்கு மில்லிக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் சுமார் 30 லிட்டர் தண்ணீர் இருக்கும். அது முழுக்க அந்த அளவில் நிற்க 1,500 மில்லிகிராம் தைலம் வேண்டும். அதுவும் ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதாது, தட்டில் செல்லோடு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஊறவிடுகிறார்கள், உடம்பிலோ கல்லீரல் அதை உடைத்துக்கொண்டே இருக்கும்.

அக்காவுக்கு வந்த குப்பியில் 2 சதவீதம் தைலம் என்று எழுதியிருந்தது. ஒரு வேளைக்கு 5 சொட்டு. மில்லிக்கு 20 சொட்டு என்றால் கால் மில்லி, அதில் தைலம் 5 மில்லிகிராம். தேவை 1,500, கொடுப்பது 5. முந்நூறில் ஒரு பங்கு! இதை அத்தானிடம் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் மனுஷன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார். அதற்காக, அப்போ நிறையக் குடித்தால் சரியாகுமா என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். சுத்தமான தைலத்தைக் குடித்தால் வாய், வயிறு எல்லாம் எரிந்துபோகும், யூகலிப்டஸ் தைலம் உள்ளே போனால் வலிப்பே வரும்.

"நானோ நேராகக் கட்டிக்கே போயிடும், அதனால கொஞ்சம் போதும்" என்பது அடுத்த பேச்சு. கட்டியில் உள்ள ரத்தக்குழாய்கள் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும், அதன் வழியாகத் துகள்கள் உள்ளே சேரும் என்று 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் எழுதினார்கள். எலிகளில் அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் பத்து வருஷத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வந்த கணக்குப்படி, ஊசி வழியாகச் செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமட்டமாக 0.7 சதவீதம். ஆயிரம் துகள் போட்டால் ஏழு. அதுவும் ரத்தத்தில் ஏற்றியது, நாக்கில் சொட்டுவிட்டது இல்லை.

மனிதர்களிடம் சோதித்ததே இல்லையா? இருக்கிறது, நானோ இல்லாமல். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனை, ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள 43 பெண்களுக்கு அறுவைக்கு முன் தினம் 2 கிராம் வீதம் 2 முதல் 6 வாரம் கொடுத்தார்கள். 2013இல் வெளிவந்த அரிசோனா ஆய்வு. லிமோனீன் மார்புத் திசுவில் போய்ச் சேர்ந்தது, செல் பெருகுவதோடு தொடர்புள்ள சைக்ளின் டி1 என்கிற புரதம் 22 சதவீதம் குறைந்தது. அவ்வளவுதான், கட்டி கரைந்ததா, ஆயுள் கூடியதா என்பதைப் பார்க்கிற ஆய்வு இல்லை அது. லிமோனீனின் உறவான பெரில்லில் ஆல்கஹாலை, மற்ற மருந்துகளுக்கு அடங்காமல் பரவிய நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. யாருக்கும் கட்டி சுருங்கவில்லை. எனக்கு இந்த இரண்டு ஆய்வுகள்மேலும் மரியாதை உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார்கள்.

குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள்

விற்கிறவர் ஒரு தம்ளர் தண்ணீரில் சொட்டுவிட்டுக் காட்டுவார். தண்ணீர் பால்போல் வெளுக்கும், "பாத்தீங்களா, நானோவாப் பிரிஞ்சிருச்சு" என்பார். டெட்டாலை விட்டாலும்தான் வெளுக்கும். சொல்லப்போனால், வெளுப்பது துளி பெரிதாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். 100 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒளி அவ்வளவாகச் சிதறாது, கண்ணாடிபோல் தெளிவாகவோ லேசான நீல நிறமாகவோ இருக்கும். தெளிவாக இருந்தால் மட்டும் நானோ என்று நம்பிவிட முடியுமா என்றால் அதுவும் இல்லை, ஸ்பிரிட்டில் கரைத்தாலும் குப்பியில் தெளிவாகத்தான் தெரியும். சிலர் லேசர் லைட்டை அடித்து, உள்ளே கோடு தெரிகிறது பாருங்கள் என்பார்கள். ஒரு சொட்டுப் பால் விட்ட தண்ணீரிலும் தெரியும். வீட்டில் வைத்து நானோவைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, அதற்குத் துகளின் அளவைப் பார்க்கிற கருவி வேண்டும்.

நாம் பார்க்கக்கூடியது லேபிள்தான். உரிம எண், பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி, காலாவதி தேதி இருக்கிறதா? பில் கேளுங்கள். பில் என்றதும் முக்கால்வாசிப் பேர் நெளிவார்கள். எங்கள் எல்லைப் பக்கத்தில் இன்னொரு தந்திரம் உண்டு: கேரளத்தில் விற்கும்போது கம்பெனி தமிழ்நாட்டில் இருக்கிறது என்பார்கள், செக்போஸ்ட் தாண்டி உடுமலையில் விற்கும்போது கேரள வைத்தியம் என்பார்கள். அக்காவிடம் வந்தவர் சொன்ன ஊரில் அப்படி ஓர் இடமே இல்லை. 1954ஆம் வருஷத்து மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது, அதைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். அதனால் வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, ஆடியோ எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்க அதுதான் கையில் இருக்கிற சாட்சி.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

வாங்கிக் குடித்துவிட்டீர்கள் என்றால் குப்பியோடு போங்கள். திட்டுவார் என்று பயந்துதான் எல்லாரும் மறைக்கிறார்கள். அக்காவின் டாக்டர் குப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, "எத்தனை நாள் குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டு, கல்லீரல் சோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். கீமோ மருந்துகள் பலவற்றையும் கல்லீரல்தான் உடைக்கிறது, தமாக்சிபென் என்கிற ஹார்மோன் மாத்திரை முழுசாக வேலை செய்வதற்கே கல்லீரலில் உள்ள ஒரு நொதி வேண்டும். நடுவில் இன்னொன்றைப் புகுத்தினால் மருந்து கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (கட்டிச் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டுகிற ஒரு புரதம்) என்று மூன்று இருக்கும், பாசிட்டிவா நெகட்டிவா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நோய், எந்த மருந்து என்பதே அதில்தான் இருக்கிறது. எம்சிஎஃப்-7 ஈஆர் பாசிட்டிவ், எம்டிஏ-எம்பி-231 மூன்றும் நெகட்டிவ். கட்டுரையில் பார்த்த செல்லும் உங்கள் வீட்டு நோயும் ஒரே வகையா என்பதற்குக்கூட இந்தச் சீட்டு வேண்டும். எங்களைப்போல் எல்லையில் இருக்கிறவர்கள் கோட்டயம் போவதா கோயம்புத்தூர் போவதா என்று அலைபாய்வோம், எந்தக் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று முதல் நாளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

ஆய்வில் சேரத்தான் ஆசை என்றால்

முறைப்படி ஒரு வழி இருக்கிறது. மனிதர்களிடம் மருந்து சோதிக்கிற ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007இல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். சிடிஆர்ஐ என்று தேடினால் வரும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விற்கிறவர் ஆய்வு நடக்கிறது என்றால் பதிவு எண்ணைக் கேட்டு அதில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பதால் மருந்து வேலை செய்யும் என்று அர்த்தமில்லை, ஆய்வு நடக்கிறது என்று மட்டும்தான். 2019ஆம் வருஷத்து விதிகளின்படி நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கேரள ஆஸ்பத்திரியில் மலையாளப் படிவத்தை நீட்டினால், தமிழில் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனை மருந்துக்கு உங்களிடமே 4,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றால் அது வியாபாரம்.

அப்போ தைலம் எதற்குத்தான்?

நான் விற்கிறேனே, சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து கை, கால் வலிக்குத் தேய்க்கலாம், கொசுவுக்கு வைக்கலாம், தரை துடைக்கலாம். கதிர்வீச்சு கொடுக்கிற இடத்தில் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது. அறுவை ஆன பக்கத்துக் கை வீங்கியிருந்தால் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, அதற்குப் பிசியோதெரபியில் தனி முறை சொல்லித் தருவார்கள். வாசனை சிலருக்குக் குமட்டலை அடக்கும், சிலருக்குக் கிளப்பிவிடும். கீமோ ஓடிய மாதங்களில் நான் கடையிலிருந்து போய்ச் சட்டையை மாற்றாமல் உள்ளே நுழைந்தால் அக்காவுக்கு வாந்தி வரும், வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் போவேன். குப்பியை அடர் நிறக் கண்ணாடியில், வெயில் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.